கிழிந்த உடுப்பைத் தைத்து, பெருத்ததைப் பிடித்து, சிறுத்ததைப் பிரித்து: மலையக வீடுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தீபாவளி நெருங்கும்போது ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கம் புடவைக் கடைகளில் கால் வைக்க இடம் இருக்காது. நம் பல வீடுகளில் வருசத்துக்கு வேண்டிய உடுப்பில் பெரும்பகுதி அந்த ஒன்றிரண்டு வாரத்தில்தான் வாங்கப்படுகிறது. அதுவும் தோட்டத்தில் எடுத்த தீபாவளி முற்பணத்தில் வாங்கியது, பிறகு மாதாமாதம் சம்பளத்தில் வெட்டுப்படும். கடன் கழிவதற்குள் சட்டை கிழிந்துவிடுகிறது என்பதுதான் இதில் எனக்குப் பொறுக்காத விசயம்.

ஆனால் அப்படிக் கிழிந்ததாக ஒதுக்கிய உடுப்பைக் கையில் எடுத்து நிதானமாகப் பாருங்கள். துணி நன்றாகத்தான் இருக்கும். அக்குளில் நான்கு விரல் நீளத்துக்குத் தையல் விட்டிருக்கும், அல்லது ஒரு பொத்தான் போயிருக்கும், ஜிப் நிற்காது, முழங்கை தேய்ந்திருக்கும். ஓர் இடத்தில் வந்த கோளாறுக்காக முழு உடுப்பையும் கரித்துணியாக்கிவிடுகிறோம். அந்த ஓர் இடத்தைச் சரிசெய்யத் தெரிந்தால் போதும், இதற்குப் பெரிய தையல்காரராக இருக்க வேண்டியதில்லை.

இது காசு விசயம் மட்டுமில்லை. ஒரு பருத்தி டீசேர்ட்டுக்குச் செடி வளர்ப்பதிலிருந்து துணியாகும்வரை சுமார் 2,700 லீற்றர் தண்ணீர் செலவாகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பொலியெஸ்டர் என்றால் அது பெற்றோலியத்திலிருந்து வரும் பிளாஸ்டிக், மண்ணில் மக்காது, துவைக்கத் துவைக்கக் கண்ணுக்குத் தெரியாத இழைத்துணுக்குகளாகத் தண்ணீரில் போகும். நம் பீலியில் துவைக்கிற தண்ணீர் கீழே ஆற்றுக்குத்தானே போகிறது. 2013 ஏப்ரல் 24 அன்று பங்களாதேசில் ரானா பிளாசா என்ற கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், பெரும்பாலும் ஆடைத் தொழிற்சாலைகளில் தைத்துக்கொண்டிருந்தவர்கள். மலிவாக, வேகமாகத் தைத்துத் தள்ள வேண்டும் என்ற நெருக்கடியை யார் சுமக்கிறார்கள் என்று உலகம் அன்றுதான் திரும்பிப் பார்த்தது. நமக்கு இது தூரத்துக் கதையும் இல்லை. 1978இல் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கியது, பிறகு மலையகத்திலிருந்தும் எத்தனையோ பிள்ளைகள் கார்மென்ட்ஸுக்குப் போனார்கள், இன்றும் போகிறார்கள். உலகத்துக்கே உடுப்புத் தைத்துக் கொடுக்கும் கை நம் லயத்தில் இருக்கிறது. அந்தக் கை நம் வீட்டு உடுப்புக்கும் உதவட்டும்.

முதலில் எதைத் தைக்கலாம், எதை விட்டுவிடலாம்

வீட்டில் ஒதுக்கிக் கிடக்கும் உடுப்பையெல்லாம் பகலில் இஸ்தோப்பில் கொண்டுவந்து போடுங்கள். இரவில் பல்ப் வெளிச்சத்தில் இதைச் செய்ய வேண்டாம், தேய்ந்த இடம் தெரியாது. ஒவ்வொன்றையும் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடியுங்கள். வெளிச்சம் சல்லடை மாதிரி ஊடுருவும் இடமெல்லாம் நைந்த இடம். அடுத்து, கிழிசலுக்கு இரண்டு பக்கமும் துணியைப் பிடித்து மெதுவாக இழுங்கள். கிழிசல் அப்படியே நின்றால் துணியில் உயிர் இருக்கிறது. சர்ரென்று மேலும் கிழிந்தால் சுற்றியுள்ள துணியும் போய்விட்டது, அங்கே ஊசி ஏற்றினால் தைத்த வரிசையிலேயே மறுபடி கிழியும். அப்படிப்பட்டதைத் தைக்க வேண்டுமானால் நல்ல துணி எங்கே தொடங்குகிறதோ அதுவரை ஒட்டுப் போட வேண்டும், அது முடியாத அளவுக்குப் பெரிதென்றால் வேறு வேலைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

நம் உடுப்பு தேய்கிற இடங்களே வேறு, அதைக் கவனிக்க வேண்டும். கொழுந்து பறிக்கிறவர்களுக்குச் சட்டையின் முதுகில் கூடை உரசும் இடம், படங்கு கட்டும் இடுப்பு, தேயிலை வாது இழுக்கும் முன்பக்கமும் கைவிளிம்பும். கவ்வாத்து வெட்டும் ஆம்பிளைகளுக்குக் களிசானின் முழங்காலும் தொடை இடுக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஜெர்சியின் முழங்கை, பாவாடையின் பின்பக்கம். இந்த இடங்களை மாதத்துக்கு ஒருமுறை திருப்பிப் பாருங்கள். நைந்திருக்கும்போதே உள்ளே ஒரு துண்டு வைத்துத் தைத்தால் பத்து நிமிட வேலை, ஓட்டை விழுந்த பிறகு அதுவே ஒரு பின்னேர வேலை.

துணி பருத்தியா பொலியெஸ்டரா என்று தெரிய வேண்டுமானால் உள்தையலிலிருந்து ஓர் இழையை உருவி, தண்ணீர்க் கோப்பைக்கு மேலே பிடித்துத் தீக்குச்சியால் கொளுத்துங்கள். பருத்தி கடதாசி மாதிரி எரிந்து மெல்லிய சாம்பலாகும். பொலியெஸ்டர், நைலோன் உருகிச் சுருண்டு கறுப்பு முத்தாக இறுகும். கலப்புத் துணி இரண்டும் செய்யும். எந்தச் சூட்டில் அயன் பண்ணுவது, எதை வைத்து ஒட்டுப் போடுவது என்பதெல்லாம் இதை வைத்துத்தான்.

கழுவாமல் தைக்காதீர்கள்

அழுக்குத் துணியில் ஊசி சிக்கும், வியர்வை ஊறிய இழை சீக்கிரம் இற்றுப்போகும். அதனால் முதலில் துவைத்துக் காயப்போடுங்கள். சொல்வது சுலபம், மலையில் காய்வதுதான் பெரும்பாடு. பனியும் மழையும் சேர்ந்த மாதங்களில் மூன்று நாளானாலும் ஈரம் போகாது, அதற்குள் கறுப்புப் புள்ளியாகப் பூஞ்சணம் பிடித்துவிடும். பூஞ்சணம் பிடித்ததை ஈரத்தோடு தேய்த்தால் இன்னும் பரவும். காயவைத்து, வெளியே கொண்டுபோய் பிரஷ்ஷால் தட்டித் துடைத்துவிட்டு, வினாகிரி கலந்த தண்ணீரில் ஒரு மணித்தியாலம் ஊறப்போட்டுத் துவைத்து, வெயில் முகம் கண்டதும் உள்பக்கம் வெளியே தெரிகிற மாதிரிப் போடுங்கள். வெள்ளைப் பருத்தி யூனிஃபோர்மென்றால் போத்தலில் சொன்ன அளவுக்குத் தண்ணீர் கலந்து பிளீச் போடலாம், ஆனால் கம்பளி நூலுக்குப் பிளீச் ஆகவே ஆகாது. இன்னொன்று முக்கியம்: பிளீச்சையும் வினாகிரியையும் ஒருபோதும் ஒன்றாகக் கலக்காதீர்கள், நச்சு வாயு வரும், அடைத்த காம்பராவுக்குள் அது ஆபத்து.

கறைகளில் நமக்குச் சொந்தமான இரண்டு இருக்கின்றன. அட்டை கடித்த இரத்தக் கறைக்குச் சுடுதண்ணீர் ஊற்றவே கூடாது, சூடு பட்டால் இரத்தம் இழையோடு ஒட்டி நிரந்தரமாகிவிடும். பச்சைத் தண்ணீரில் உப்புப் போட்டு ஊறவைத்து, பிறகு சவர்க்காரம். தேயிலைக் கறை இதற்கு நேர்மாறு. கொழுந்தின் துவர்ப்புக்குக் காரணமான டெனின் கட்டிச் சவர்க்காரத்தோடு சேர்ந்தால் இன்னும் பிடித்துக்கொள்ளும், அதனால் முதலில் வினாகிரி அல்லது எலுமிச்சம்புளி விட்ட தண்ணீரில் ஊறவைத்து, பிறகு சலவைத் தூளில் துவையுங்கள்.

பெட்டியில் என்ன இருக்க வேண்டும்

ஒரு பழைய பிஸ்கட் டின் போதும். கைத்தையல் ஊசி ஒரு பக்கெட், நல்ல கத்தரிக்கோல் ஒன்று (இதால் கடதாசி வெட்டக் கூடாது என்று வீட்டில் எல்லாருக்கும் சொல்லிவையுங்கள்), குண்டூசி, ஊக்கு, இஞ்சி டேப், தையல் சொக், சின்னக் குறடு. தையல் பிரிக்க நிறையப் பேர் பிளேட்தான் பயன்படுத்துகிறார்கள், பழகிய கைக்குச் சரி, மற்றவர்கள் அதற்கென்றே விற்கும் தையல் பிரிக்கும் ஊசியை வாங்குங்கள், விலை குறைவுதான்.

ஊசி வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். கைத்தையல் ஊசியில் எண் கூடக்கூட ஊசி மெலிதாகும், மெசின் ஊசியில் எண் கூடக்கூடத் தடிக்கும். சேலை, மெல்லிய சேர்ட்டுக்கு மெசினில் 11, சாதாரணத் துணிக்கு 14, ஜீன்ஸுக்கு 16. டீசேர்ட் மாதிரி இழுபடும் பின்னல் துணிக்கு நுனி உருண்ட ஊசி தனியாக இருக்கிறது, சாதாரண ஊசி பின்னலை அறுத்துச் சின்னச் சின்ன ஓட்டை போடும்.

நூல் விசயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். பழைய நூல்கட்டையிலிருந்து ஒரு சாண் இழுத்து இரண்டு கையாலும் அறுத்துப் பாருங்கள், சட்டென்று அறுந்தால் அதைத் தூக்கிப்போடுங்கள், அதால் தைத்தது அடுத்த சலவையில் பிரியும். நிறம் பொருந்தாவிட்டால் துணியைவிட ஒரு பிடி கருமையானதை எடுங்கள். கட்டையில் பார்க்கும் நிறம் ஒற்றை இழையாகத் துணியில் விழும்போது வெளிறித் தெரியும். ஒருமுறைக்கு ஒரு முழம் நூல் போதும், அதற்கு மேல் என்றால் முடிச்சு விழுந்துகொண்டே இருக்கும்.

விட்ட தையல்

மிக அதிகம் வரும் கோளாறு இதுதான், மிகச் சுலபமும் இதுதான். உடுப்பை உள்பக்கம் திருப்புங்கள். தொங்கும் பழைய நூல்களைக் கத்தரியுங்கள். விட்ட இடத்திலிருந்து தொடங்காதீர்கள், அதற்கு அரை அங்குலம் முன்னால், தையல் நன்றாக இருக்கும் இடத்திலிருந்தே தொடங்குங்கள், முடிக்கும்போதும் அரை அங்குலம் தாண்டி முடியுங்கள். போடவேண்டியது பின்தையல்: ஊசியை மேலே எடுத்து, ஒரு தையல் அளவு பின்னால் குத்தி, அடியில் இரண்டு தையல் அளவு முன்னால் வந்து எடுப்பது. வெறும் ஓட்டுத் தையல் ஓர் இடத்தில் அறுந்தால் முழுவதும் உருவிக்கொண்டு வரும், பின்தையல் அப்படி வராது. தொடை இடுக்கிலும் அக்குளிலும் இரண்டு வரிசை போடுங்கள். டீசேர்ட்டென்றால் நூலை இறுக்காமல், துணியைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்துத் தையுங்கள், இல்லாவிட்டால் தலை வழியாகப் போடும்போதே டப்பென்று அறுந்துவிடும்.

பொத்தான் நான்கு வரியில் முடிகிற விசயம். இரட்டை நூல், பொத்தானுக்கும் துணிக்கும் நடுவே ஒரு தீக்குச்சியை வைத்துத் தையுங்கள், முடித்ததும் குச்சியை உருவிவிட்டு அந்த இடைவெளியில் நூலை மூன்று நான்கு சுற்றுச் சுற்றி முடியுங்கள். அப்போதுதான் பொத்தான் போட்டபின் துணி சுருங்காமல் நிற்கும். சேர்ட்டில் நடுப்பொத்தான் தொலைந்து அதே மாதிரி கிடைக்கவில்லையா, ஆகக் கீழே உள்ளதைக் கழற்றி நடுவில் தைத்துவிட்டு, களிசானுக்குள் மறையும் அந்தக் கீழ் இடத்தில் கையில் கிடைத்ததைப் போடுங்கள்.

ஜெர்சியின் முழங்கை: இழையோட்டுவது

இதை நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் நுவரெலியா, இராகலை, பொகவந்தலாவைக் குளிரில் ஜெர்சி இல்லாமல் ஒரு பிள்ளையும் காலையில் பள்ளிக்கூடம் போக முடியாது, அந்த ஜெர்சியில் முதலில் போவதும் முழங்கைதான். இப்போது இழையோட்டத் தெரிந்தவர்களை அதிகம் காணோம். வீட்டில் வயதான அம்மாயியோ அப்பாயியோ இருந்தால் கேட்டுப் பாருங்கள், கை மறந்திருக்காது.

ஜெர்சிக்கு ஒத்த தடிப்பில், முடிந்தால் ஒத்த நிறத்தில் கம்பளி நூல் எடுங்கள். நூல் தடித்திருந்தால் முழங்கையில் கட்டியாக உறுத்தும். கண் பெரிய, முனை மழுங்கிய ஊசி வேண்டும். ஓட்டைக்கு அடியில் உருண்டையாக ஏதாவது வைக்க வேண்டும்: பழைய பல்ப், டெனிஸ் பந்து, நன்றாகத் தேய்த்து வழவழப்பாக்கிய சிரட்டை. துணியை அதன்மேல் இழுக்காமல் படியவிடுங்கள், இழுத்துப் பிடித்துச் செய்தால் எடுத்தபின் அந்த இடம் தொங்கும்.

ஓட்டையைச் சுற்றித் தொங்கும் பின்னல் கண்ணிகளை வெட்டாதீர்கள், அவற்றை நூலால் பிடித்துக்கொள்ள வேண்டும். ஓட்டைக்கு அரை அங்குலம் தள்ளி, நல்ல பின்னலில் தொடங்கி, கீழிருந்து மேலாகச் சின்ன ஓட்டுத் தையல் வரிசை போடுங்கள். முடிச்சுப் போடாமல் நுனியை இரண்டு அங்குலம் வெளியே விட்டுவையுங்கள். மேலே போனதும் திரும்பி, பக்கத்திலேயே கீழே வாருங்கள். திரும்பும் ஒவ்வோர் இடத்திலும் ஓர் அரிசி அளவுக்கு நூலைத் தளர்வாக வளைத்துவிடுங்கள். கம்பளி துவைத்தால் சுருங்கும், அந்த வளைவு இல்லாவிட்டால் முதல் சலவையிலேயே முழங்கை சுருக்குப்பை மாதிரி இழுத்துக்கொள்ளும். ஓட்டை வரும் இடத்தில் நூல் அதன் மேலாக நேராகக் கடந்து போகட்டும், விளிம்புக் கண்ணிகளை மட்டும் ஊசியால் ஏந்திக்கொள்ளுங்கள். ஓட்டையைத் தாண்டி மறுபக்கமும் அரை அங்குலம் நல்ல பின்னலில் ஓட்டி நிறுத்துங்கள். இப்போது ஓட்டையின் மேல் இழைகள் வரிசையாகக் கிடக்கும். இது பாவு.

இனி ஊடை. பக்கவாட்டில் தொடங்கி ஓர் இழைக்கு மேல், அடுத்த இழைக்குக் கீழ், மறுபடி மேல் என்று ஊசியை ஓட்டுங்கள். திரும்பி வரும்போது போனமுறை மேலே போன இழைக்குக் கீழே வர வேண்டும். ஒவ்வொரு வரிசையையும் ஊசி முனையால் முந்திய வரிசையோடு நெருக்கித் தள்ளுங்கள். ஓட்டை இருந்த இடத்தில் ஒரு குட்டித் துணியே நெய்யப்பட்டிருக்கும். நூல் நுனிகளை உள்பக்கம் சில தையலுக்குள் செருகி வெட்டுங்கள். ஈரத்துணி போட்டு அயன் பெட்டியை மேலே லேசாக ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம்.

முதல்முறை கோணலாகத்தான் வரும். அது பரவாயில்லை, பிள்ளைக்குக் குளிராது.

ஒட்டுப் போடுவது, அதோடு வரும் கூச்சம்

ஒட்டுப் போட்ட உடுப்பென்றால் இல்லாத வீட்டுப் பிள்ளை என்று பார்க்கும் பழக்கம் நம்மிடையே இன்னும் இருக்கிறது. தோட்டத்துப் பிள்ளை என்று டவுன் பள்ளிக்கூடத்தில் ஒருமுறை கேவலப்பட்டவர்களுக்கு அந்த வலி தெரியும், அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அதனால் வெளியே தெரியாத ஒட்டு எப்படி, தெரிந்தாலும் அழகாக நிற்கும் ஒட்டு எப்படி என்று இரண்டையும் கற்றுக்கொள்ள வேண்டும். எதை எங்கே போடுவது என்பது உடுத்துகிறவரின் விருப்பம், அவரைக் கேட்காமல் போடாதீர்கள்.

தெரியாத ஒட்டு உள்பக்கமிருந்து வைப்பது. ஜீன்ஸின் தொடை இடுக்குக்கு இதுதான் சரி. அதே நிறப் பழைய ஜீன்ஸிலிருந்து துண்டு எடுங்கள், புதுத் துணியென்றால் முதலில் நனைத்துக் காயவையுங்கள், இல்லாவிட்டால் பிறகு சுருங்கிச் சுற்றியுள்ள துணியை இழுக்கும். துண்டின் இழை ஓடும் திசையும் களிசானின் இழைத் திசையும் ஒன்றாக இருக்க வேண்டும். அளவு, நைந்த பகுதியைத் தாண்டி எல்லாப் பக்கமும் ஓர் அங்குலம் கூடுதல். மூலைகளை வட்டமாக வெட்டுங்கள், கூர் மூலை சீக்கிரம் பெயரும். உள்ளே வைத்து, குண்டூசி குத்தி, பெரிய தையலால் தற்காலிகமாகப் பிடித்துவிட்டு, ஒருமுறை போட்டு உட்கார்ந்து எழுந்து பாருங்கள். சரியென்றால் மெசினில் முன்னும் பின்னுமாக நெருக்கமான வரிசைகள் ஓட்டுங்கள். கிழிசலின் நேரிலும் வரிசை போக வேண்டும், ஒட்டின் ஓரத்தை மட்டும் தைத்தால் நடுவில் கிழிசல் வளர்ந்துகொண்டே போகும்.

தெரியும்படி போடுவதற்கு ஜப்பானியக் குடியானவர்கள் செய்த சஷிகோ தையலைப் பாருங்கள். பருத்தி அரிதாகக் கிடைத்த வடக்குக் குளிர்ப் பகுதிகளில் நைந்த துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நீலத் துணியில் வெள்ளை நூலால் வரிசை வரிசையாக ஓட்டுத் தையல் போட்டார்கள், துணியும் தடித்தது, சூடும் கிடைத்தது. வங்காளத்தில் பழைய சேலைகளை அடுக்கிக் காந்தா போர்வை தைப்பதும் இதே வேலைதான். பெரிய வித்தை ஒன்றுமில்லை, கால் அங்குல இடைவெளியில் நேர்வரிசைகள், அவ்வளவுதான். மலைக்குப் போடும் களிசானின் முழங்காலுக்கு இப்படிச் செய்து பாருங்கள், மற்ற இடமெல்லாம் கிழிந்தாலும் அந்த முழங்கால் நிற்கும்.

ஜிப்

நுவரெலியா பேல் பஜாரில் வாங்கிய குளிர் ஜாக்கெட் பல வீடுகளில் ஜிப் போனதால்தான் மூலையில் கிடக்கிறது. ஜிப்பை இழுத்தபின் பல் பின்னாலேயே திறந்துகொண்டால் பெரும்பாலும் பல்லில் குற்றமில்லை, இழுக்கும் ஸ்லைடர் அகன்றுவிட்டது. ஜிப்பைத் திறந்து ஸ்லைடரை அடிவரை கொண்டுவந்து, அதன் பின்முனையை இரண்டு பக்கமும் சம அளவில் குறட்டால் மிக லேசாக அழுத்துங்கள். இழுத்துப் பாருங்கள், போதாவிட்டால் இன்னும் கொஞ்சம். ஒரேயடியாக அழுத்தினால் உடையும். உடைந்தால் ஸ்லைடர் மட்டும் தனியாக வாங்கலாம், பின்பக்கம் 3, 5, 8 என்று எண் இருக்கும், அதே எண்ணைக் கேளுங்கள். களிசான் ஜிப்பில் அடியில் ஒரு பல் போயிருந்தால் அதற்குச் சற்று மேலே பல்லைச் சுற்றிப் பத்துத் தையல் குறுக்காகப் போட்டு ஸ்லைடரை அங்கேயே நிறுத்திவிடுங்கள். இறுகி நகராத ஜிப்புக்கு மெழுகுதிரி தேய்த்தால் போதும். ஜாக்கெட்டின் அடியில் இரண்டு பக்கத்தையும் கோக்கும் முனை பிய்ந்துவிட்டால் மட்டும் முழு ஜிப்பையும் மாற்ற வேண்டும், அது டெய்லர் வேலை.

பெருத்ததைப் பிடிப்பது

முதலில் ஒரு கணக்கு. சேர்ட் உடம்பில் மொத்தம் நான்கு அங்குலம் பெரிது என்று வையுங்கள். இரண்டு பக்கத் தையல் இருக்கிறது, ஒவ்வொன்றிலும் முன் துணி ஒன்று, பின் துணி ஒன்று. ஆக நான்கால் பிரிக்க வேண்டும்: பழைய தையலிலிருந்து உள்ளே ஓர் அங்குலம்தான் புதுக்கோடு. இதைத் தெரியாமல் இரண்டு பக்கமும் இரண்டிரண்டு அங்குலம் உள்ளே தள்ளித் தைத்துவிட்டால் உடுப்பு உடம்பில் ஏறாது.

உடுப்பைப் புறம்மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். இன்னொருவர் இரண்டு பக்கமும் சம அளவில் ஊசி குத்தட்டும். கையைத் தூக்கி, குனிந்து, மூச்சை இழுத்துப் பாருங்கள். கழற்றி, சொக்கால் கோடு போட்டு, அக்குள் வரும் இடத்தில் கோட்டைப் பழைய தையலோடு சரிவாகச் சேர்த்துவிடுங்கள், சட்டென்று முடித்தால் அங்கே சுருக்கம் விழும். முதலில் கையால் பெரிய தையல் போட்டு, உடுத்திப் பாருங்கள், பிறகு மெசின். மிச்சத் துணியை உடனே வெட்ட வேண்டாம், இரண்டு வாரம் உடுத்திவிட்டு முடிவெடுங்கள். வெட்டாமலே விட்டால் இன்னும் நல்லது, அடுத்த வருசம் உடம்பு பெருத்தால் பிரிக்கலாம்.

களிசானின் நீளம் குறைக்க, எப்போதும் போடும் சப்பாத்தோடு நின்று அளக்க வேண்டும், குனியாமல். இரண்டு காலையும் தனித்தனியாக அளங்கள், பலருக்கு ஒரு பக்கம் கொஞ்சம் ஏறியிறங்கித்தான் இருக்கும்.

வளரும் பிள்ளைகளின் யூனிஃபோர்ம்

அரசு கொடுக்கும் சீருடைத் துணியைத் தைக்கக் கொடுக்கும்போதே அடுத்த வருசத்தையும் சேர்த்து யோசியுங்கள். டெய்லரிடம், “அண்ணே, பக்கத் தையல்ல ஓர் அங்குலம் உள்ளே விட்டுத் தைங்க, பாவாடை அடியில மூணு அங்குலம் மடிச்சு விடுங்க” என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் சிக்கனமாக வெட்டி ஓவர்லொக் அடித்துவிடுவார்கள். ரெடிமேடில் இந்தக் கூடுதல் துணி பெரும்பாலும் இருக்காது, வாங்குவதற்கு முன் உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். மடிப்பை இறக்கியதும் பழைய மடிப்புக் கோடு தெரியும். வினாகிரித் தண்ணீரில் நனைத்த துணியைக் கோட்டின் மேல் போட்டு அயன் பண்ணினால் வெள்ளைத் துணியில் பெரும்பாலும் போய்விடும். வெளியே போடும் கவுனென்றால் அந்தக் கோட்டின் மேலேயே ஒரு ரிப்பன் தைத்துவிடுங்கள்.

சேலைச் சட்டைக்கு நம் தையல்காரர்கள் பக்கத்தில் இரண்டு மூன்று வரிசை தைத்து விடுவது வழக்கம். இறுகினால் உடம்புப் பக்கம் இருக்கும் முதல் வரிசையை மட்டும் பிரித்தால் போதும், அடுத்த வரிசை தானாகப் புது அளவாகிவிடும். அந்த வரிசைகளும் தீர்ந்தால் அக்குளுக்குக் கீழே சாய்சதுரமாக ஒரு துண்டு வைக்கலாம், கை தூக்குவதற்கும் சுகமாக இருக்கும்.

பழைய சேலை

சேலை முழுவதும் ஒரே மாதிரி தேய்வதில்லை. கொசுவம் வரும் இடமும் காலடி ஓரமும் முதலில் போகும், முந்தானையும் மேல்பாதியும் நன்றாக இருக்கும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து நல்ல பகுதியைச் சொக்கால் குறித்துக்கொண்டால் ஒரு சேலையிலிருந்து சின்னப் பிள்ளைக்குப் பாவாடை, பெரிய பிள்ளைக்கு சல்வார் மேல்சட்டை என்று எடுக்கலாம். மெல்லிய சேலைக்கு உள்துணி வைத்துத் தைக்க வேண்டும். பழைய பருத்திச் சேலை ஏணைக்கும் பச்சைப்பிள்ளைத் துணிக்கும் ஆகச் சிறந்தது, துவைத்துத் துவைத்து மென்மையாகியிருக்கும். ஏணை கட்டுவதென்றால் மட்டும் பாரம் தாங்குமா என்று இரண்டு பேர் நின்று இழுத்துப் பார்த்துவிட்டுக் கட்டுங்கள்.

மெசின், டெய்லர், புதிது வாங்குவது

பல வீடுகளில் பழைய சிங்கர் மெசின் ஒன்று துருப்பிடித்துக் கிடக்கிறது. தூக்கிப்போட்டுவிடாதீர்கள், அந்தக் காலத்து இரும்பு மெசின் ஜீன்ஸையும் அசராமல் தைக்கும். தூசி தட்டி, மெசின் எண்ணெய் விட்டு (தேங்காயெண்ணெய் விட்டால் பிசின் மாதிரி இறுகிவிடும்), புது ஊசி போட்டு, ஒரு துண்டில் ஓட்டிப் பாருங்கள். துணியின் அடியில் நூல் கொத்தாக விழுந்தால் பொதுவாக மேல்நூல் சரியாகக் கோக்கப்படவில்லை அல்லது தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். அடிநூல் மேலே எட்டிப் பார்த்தால் மேல்நூல் இறுக்கம் அதிகம். மெசின் இல்லாவிட்டால் கார்மென்ட்ஸில் ஜூக்கி மெசின் ஓட்டிய பிள்ளை பக்கத்து லயத்தில் கட்டாயம் இருப்பாள், அவளுக்கு ஒரு கூலி கொடுத்துச் செய்யுங்கள், சும்மா கேட்காதீர்கள்.

டெய்லரிடம் கொடுக்க வேண்டியது ஜாக்கெட் ஜிப், கோட்டின் தோள், லெதர், பட்டுச் சேலைக் கிழிசல். தீபாவளிக்கு முந்திய வாரங்களிலும் பள்ளிக்கூடம் தொடங்கும் நேரத்திலும் கொண்டுபோக வேண்டாம், அவர்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. துவைத்த உடுப்பாகக் கொண்டுபோங்கள், கோளாறு இருக்கும் இடத்தில் ஓர் ஊக்கைக் குத்தி அடையாளம் வையுங்கள்.

கடையில் புதிதாக ஒன்றை எடுக்கும்போதும் தைக்கிறவரின் கண்ணால் பாருங்கள். உள்ளே திருப்பி ஓர் அங்குலத்தில் பத்துப் பன்னிரண்டு தையலாவது இருக்கிறதா, பக்கத்தில் மிச்சத் துணி விட்டிருக்கிறார்களா, கூடுதல் பொத்தான் தைத்திருக்கிறார்களா, தையலின் இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தால் இடைவெளி தெரிகிறதா. இடைவெளி தெரிந்தால் அது தீபாவளிக்கு மறுநாளே உங்கள் தையல் பெட்டிக்கு வரும், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வைத்துவிட்டு வாருங்கள்.